இரும்புக் கட்டையைக் கூட்டு

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் முடிந்த கையோடு வேலை வந்திருக்கிறது. விழா நடத்தும் லாசர் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் போனில் பேரம் பேசுகிற ஆள். வீடு தேடி வந்தால் பெரிய காரியம் என்று அர்த்தம்.

மொரோக்கோவிலிருந்து ஒரு குழு வருகிறதாம். முப்பத்தொன்றாம் தேதி பழைய துறைமுகக் கிடங்கில் கச்சேரி. அந்த ஊரின் க்னாவா என்ற பழைய இசையை, பாரிஸில் வளர்ந்த ஒரு பெண் கம்ப்யூட்டரில் செய்யும் இசையோடு கலந்து வாசிப்பார்கள். ஒலி முழுக்க என் பொறுப்பு.

"இது நல்லா அமைஞ்சிட்டா பெங்களூரு, மும்பை, கொழும்புன்னு ஒரு வருஷம் சுத்தப்போறாங்க, அம்பலவாணன். கூடவே போறதுக்கு சவுண்டு ஆள் தேடுறாங்க. உங்க பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்றார் லாசர்.

கல்யாண மண்டபத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ஆரம்பித்தவன் நான். புதுச்சேரியில் என் காதை நம்பிப் பாடாத பாடகர் இல்லை. ஆனாலும் இந்த ஊரைத் தாண்டி யாரும் என்னைக் கூட்டிப்போனதில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும். இதை எழுத வெட்கமில்லை.

லாசர் வாசலில் நெடுநேரம் மணி அடித்துக்கொண்டே நின்றாராம். காலிங்பெல்லில் ஏதோ கோளாறு.

ஜனவரி 20, செவ்வாய்

காலிங்பெல்லுக்குப் புது பேட்டரி போட்டேன். அப்படியும் சத்தம் கம்மி. இப்போதெல்லாம் மட்டமான சரக்குதான் வருகிறது.

ஜனவரி 22, வியாழன்

அவர்களுடைய பழைய பதிவுகளை லாசர் அனுப்பியிருந்தார். சமையலறையில் உட்கார்ந்து கேட்டேன். கெம்ப்ரி என்று ஒரு வாத்தியம். மூன்று தந்தி, ஒட்டகத் தோல். தோலைத் தட்டிக்கொண்டே தந்தியையும் மீட்டுகிறார்கள். கனத்த சத்தம், வயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன்மேல் இரும்பில் செய்த பெரிய தாளக்கட்டை, நம் பஜனைச் சிப்ளாக்கட்டைக்கு அண்ணன். க்ராகெப் என்கிறார்கள். எனக்கு வாய் புரளவில்லை, இரும்புக் கட்டை என்றே வைத்துக்கொள்கிறேன். சகாராவுக்கு அப்பாலிருந்து அடிமைகளாக ஓட்டிவரப்பட்டவர்களின் சந்ததி இவர்கள். அந்த இரும்பின் ஓசை கால்விலங்கின் ஓசை என்று சொல்வதுண்டாம்.

பதிவு சுமார்தான். இரும்பு எங்கோ கிணற்றுக்குள் கேட்கிறது. மேடையில் அதை நான்தான் மேலே கொண்டுவர வேண்டும்.

மின்துறை அலுவலகத்திலிருந்து என் மனைவி பிரபாவதி மதியமே வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாக அடுப்பை அணைத்தாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

"குக்கர் தெருமுனை வரைக்கும் கூவுது. பக்கத்துலயே குந்தினு இருக்கீங்க."

"பாட்டு கேட்டுனு இருந்தேன்."

"பாட்டு நின்னுபோயி எவ்ளோ நேரமாச்சு?"

கவனம் ஒன்றில் குவிந்தால் மற்றது காதில் விழாது. கலைஞர்களுக்கு அது சகஜம். மின்துறைக் கணக்குப் பிரிவில் இருப்பவளுக்கு அதை எப்படி விளக்குவது? பாத்திரத்தை நானே தேய்த்தேன்.

ஜனவரி 24, சனி

குழு வந்து சேர்ந்தது. தலைவர் இத்ரீஸ். 'மாலம்' என்றால் ஆசானாம், எல்லோரும் அவரை மாலம் என்றே கூப்பிடுகிறார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் போலிருக்கிறது. இரும்புக் கட்டை போட மூன்று பேர். கம்ப்யூட்டர்காரி நாதிரா மெலிந்த பெண், கழுத்தில் ஹெட்போனைத் தாலி மாதிரி கழற்றாமல் மாட்டியிருக்கிறாள்.

எனக்குப் பிரெஞ்சு வராது. ஜெசிந்தாதான் மொழிபெயர்க்கிறாள். மேடைக்குள் கலைஞர்களுக்குக் கேட்கும் மானிட்டர் ஒலியைப் பார்த்துக்கொள்பவள் அவள். கான்வென்ட் பிரெஞ்சு. பல வருடமாக என்னோடு வேலை செய்கிறாள். தொழில் என்னிடம் கற்றதுதான், ஆனால் இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் என் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

கடற்கரை ஈரத்தில் கெம்ப்ரியின் தோல் தொய்ந்துவிட்டது. மாலம் தணலும் சாம்பிராணியும் கேட்டார். தோலைச் சூடு காட்டி இறுக்குவதோடு, வாத்தியத்துக்குப் புகை போடாமல் தொடுவதில்லையாம். குருசுக்குப்பம் கடையில் சாம்பிராணியும் ஒரு மண்சட்டியும் வாங்கிவந்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்து என் தோளைத் தட்டினார். ஆளைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம் முடிந்து முதல் ஒத்திகை.

மாலம் கெம்ப்ரியில் கைவைத்ததும் கிடங்கின் தகரக் கதவு அதிர்ந்தது. நாதிரா அதற்குக் கீழே இன்னொரு ஆழமான சத்தத்தை மிஷினில் நுழைத்தாள். அவருடைய குரலைப் பிடித்து, நறுக்கி, திரும்பத் திரும்ப அனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இரும்புக் கட்டை எங்கே? மூன்று பேர் மணிக்கட்டு நோக அடிக்கிறார்கள், சத்தம் பஞ்சுப்பொதிக்குள் இருந்து வருகிறது. கூர்மைக்கு ட்ரெபிளைத் திருகி, சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை மேலே தள்ளினேன்.

நாதிரா கையைத் தூக்கி நிறுத்தினாள். மடமடவென்று ஏதோ சொன்னாள்.

"இரும்பு ரொம்ப கூசுதாம்ணா. குத்துதாம். கொறைக்கச் சொல்றாங்க" என்றாள் ஜெசிந்தா.

நான் மாலமைப் பார்த்தேன். அவர் கட்டை போடுபவர்களைச் சுட்டிக்காட்டி, கட்டைவிரலை மேலே ஆட்டினார். கூட்டு, இன்னும் கூட்டு. நாதிராவிடம் சிரித்தபடி எதையோ சொல்லி அடக்கினார். கூட்டினேன். அவருக்குத் திருப்தி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஹெட்போனைக் காதில் அடைத்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை, இரும்பின் நிஜ ஓசையைக் கண்டதா? இந்தச் சண்டையில் நான் பாரம்பரியத்தின் பக்கம். ஆசான் சொல்வதுதான் வேதம்.

ஆசான் வாசிக்கும்போது அந்த மூவரின் மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. அப்படி ஒரு கண்டிப்பு.

ஜனவரி 27, செவ்வாய்

ஒத்திகை இரண்டாம் நாள். பாதிப் பாட்டில் எல்லோரும் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட. ஜெசிந்தா மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, என் கைக்கு மேலாகக் கையை நீட்டி ஒரு சேனலை அணைத்தாள்.

"மைக் கூவுதுண்ணா" என்றாள் மூச்சுவாங்க.

"தெரியும். அணைக்கத்தான் போனேன்."

நான் சொல்லாமலே என் மிக்சரில் அடுத்தவர் கை வைப்பது எனக்குப் பிடிக்காது. அதைப் பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிண்ணா" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. இதற்கெல்லாமா அழுவார்கள்?

மாலம் மட்டும் காதைப் பொத்தவில்லை. மற்றவர்கள் ஏன் நிறுத்தினார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். அனுபவஸ்தன் நிதானம் இழப்பதில்லை.

சாயங்காலம் வயர்களை எல்லாம் மாற்றினேன். பிறகு ஸ்பீக்கர்களைக் கழற்றித் திரும்ப மாட்டினேன். குறை எதிலும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிரபா ரசத்தை ஊற்றிக்கொண்டே "நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு" என்று முனகினாள்.

"இன்னா சொன்ன?"

"ரசம் போதுமான்னு கேட்டேன்."

முனகலாக இருந்தாலும் அவள் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிடும். அத்தனை வருடக் குடித்தனம்.

ஜனவரி 28, புதன்

ஒத்திகை இல்லை. கடற்கரைச் சாலையில் இரண்டு நடை நடந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, நின்றால் திரும்ப நடக்கத் தோன்றுகிறது. அலை சரியாகத்தான் கேட்கிறது.

வீட்டுக்குத் திரும்பியபோது பிரபா போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். யார் என்றேன். ஜெசிந்தாவாம். கச்சேரிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாளாம்.

பிரபா என் கச்சேரிக்கு வந்து பல வருடம் ஆகிறது. சத்தம் ஒத்துக்கொள்ளாது என்பாள். இப்போது திடீரென்று போகிறேன் என்கிறாள். இந்த இரண்டு பேரும் எப்போது இத்தனை சிநேகமானார்கள்?

ஜனவரி 29, வியாழன்

இதை எழுதலாமா என்று யோசித்தேன்.

செல்போனில் ஒரு செயலி இருக்கிறது. ஒவ்வொரு அலைவரிசையாக ஒலி எழுப்பும். ஸ்பீக்கர் சோதிக்க வைத்திருப்பது. பிரபா படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து, கீழ் ஒலியிலிருந்து மெல்ல மேலே ஏற்றினேன். கேட்டது, கேட்டது, பிறகு மெலிந்தது. அதற்குமேல் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, ஒலி வரவில்லை. செல்போன் ஸ்பீக்கர் அவ்வளவுதான் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலும் ஏற்றினேன்.

"அத்த நிறுத்துங்களேன். காது கூசுது" என்று உள்ளேயிருந்து பிரபா கத்தினாள்.

கையிலிருந்த போனைப் பார்த்தேன். காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"ஏங்க, நிறுத்துங்கன்றேன்ல."

நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

பயமாக இருக்கிறது.

காலையில் லாசர் ஒப்பந்தத்தைப் பற்றி மறுபடி பேசினார். கச்சேரி முடிந்ததும் கையெழுத்தாம். பாஸ்போர்ட் நகல் கேட்டார், கொடுத்தேன்.

கடைசி ஒத்திகை. இன்று மாலமைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் செல்போன் பழசு. பிரபாவுக்கு எப்போதுமே கூசும் காது. ஜெசிந்தாவும் நாதிராவும் ஒரு கட்சி. ஆனால் நாற்பது வருடமாக அந்த இரும்போடு வாழ்ந்தவர் கூட்டு என்கிறார், நானும் கூட்டு என்கிறேன். எங்கள் இரண்டு பேர் காதும் ஒன்றைத்தான் சொல்கிறது. நான் தப்பென்றால் அவரும் அல்லவா தப்பு? அப்படி இருக்க முடியாது. ஒத்திகை முழுவதும் இதையே மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாதிரா இன்று வாசிப்பை நிறுத்தவில்லை. இரும்புக் கட்டை வரும் இடங்களில் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஜனவரி 31, சனி

போய்வருகிறேன். சட்டையைப் பிரபா இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நடந்ததையும் இன்று காலை நடந்ததையும் எழுதிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் எனக்குச் சாதகமாக மாற்றி எழுதிவிடுவேன்.

கிடங்கு நிறைந்துவிட்டது. தூதரகத்து ஆட்கள், கல்லூரிப் பிள்ளைகள், குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். உட்கார இடமில்லாமல் தகரக் கதவோரம் நின்றவர்களும் உண்டு. என் மிக்சர் மேசை கூட்டத்துக்கு நடுவில். பிரபாவுக்கு முன்வரிசைப் பாஸ் இருந்தும், சொல்லிவைத்தாற்போல் என் மேசைக்கு நேர் முன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

சாம்பிராணிப் புகையோடு மாலம் மேடையேறினார். முதல் பாட்டில் கெம்ப்ரியும் நாதிராவின் மிஷினும் சேர்ந்து கூட்டத்தைப் பிடித்தன. அப்புறம் இரும்புக் கட்டை இறங்கியது. ஃபேடரை ஒத்திகையில் வைத்த இடத்துக்குத் தள்ளினேன். முன்னால் ஒருவர் காதைத் தேய்த்துக்கொண்டார். ஒரு அம்மாள் முந்தானையை எடுத்துக் காதோடு சேர்த்துப் பிடித்தாள். தூதரகத்து ஆள் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகை செய்தார். எல்லாம் எனக்குத் தெரிந்தது. மேடையிலிருந்து மாலம் கட்டைவிரலை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். இரண்டாம் பாட்டில் கதவோரம் நின்றவர்களில் சிலர் வெளியே போனார்கள்.

அப்போது பிரபா திரும்பிப் பார்த்தாள்.

கோபம் இல்லை. கேலியும் இல்லை. நாற்காலி முதுகின்மேல் கையை வைத்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி, மெல்ல அழுத்துவதுபோல் காட்டினாள். தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

மேடையில் கட்டைவிரல் மேலே. எனக்கு முன்னால் உள்ளங்கை கீழே. என் காதைக் கேட்டேன். அது ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவையாக என் காதில் நம்புவதற்கு எதுவும் இல்லை என்று தெரிந்தது. அழுகை வந்தது. விளக்கு அணைந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

இறக்கினேன். அவள் கை இன்னும் இறங்கியது. இன்னும் இறக்கினேன். கையை அப்படியே நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு துளி ஏற்று என்பதுபோல் விரலை அசைத்தாள். ஏற்றினேன். அதன்பிறகு அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாக ஆட ஆரம்பித்தது. சரியாக இருக்கிறது என்று அதில்தான் தெரிந்துகொண்டேன். எனக்கோ இரும்புக் கட்டை துளியும் கேட்கவில்லை. மூன்று பேர் சத்தமில்லாமல் கைகளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பாட்டில் வெளியே போனவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். மாலமின் குரலை நாதிரா நீட்டி நீட்டித் திருப்பி அனுப்ப, கூட்டமே எழுந்து ஆடியது. முந்தானைக்கார அம்மாளும் ஆடினாள். லாசர் என்னைக் கட்டிப்பிடித்து, காலையில் ஓட்டலுக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றார்.

இன்று காலை ஓட்டலுக்குப் பிரபாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாலம் இட்லியைக் கரண்டியால் வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்று என் கையைப் பிடித்து, ஜெசிந்தா பக்கம் திரும்பி வருத்தமாக ஏதோ சொன்னார்.

ஜெசிந்தா தயங்கினாள். "மொத ரெண்டு பாட்டுதான் நல்லா இருந்துச்சாம்ணா. அதுக்கப்புறம் இரும்பு சுத்தமா கேக்கலையாம். உங்களுக்கு இன்னா ஆச்சுன்னு கேக்குறாரு."

நாதிரா தட்டைப் பார்த்துக்கொண்டாள். கட்டை போடும் மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நாற்பது வருடம் அந்த இரும்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் காதில் இரும்பு எப்படி மிஞ்சியிருக்கும்? மணிக்கட்டைப் பார்த்துத்தான் தாளத்தைப் பிடிக்கிறார். அவருடைய ஆட்களுக்கு அது தெரியும், ஆசானிடம் சொல்ல நா எழவில்லை. ஜெசிந்தாவுக்கு என்னிடம் எழாத மாதிரி. கேட்காத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சாட்சி சொல்லி, ஊரையே காதைப் பொத்த வைத்திருக்கிறோம்.

லாசர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். எங்கே கையெழுத்து என்று விரல் வைத்துக் காட்டினார். போட்டிருக்கலாம். ஒரு வருடம் மாலமின் கட்டைவிரலைக் காட்டியே ஓட்டியிருக்கலாம்.

"எனக்கும் கேக்கலைன்னு சொல்லு" என்றேன் ஜெசிந்தாவிடம்.

"அண்ணா, வேணாம்ணா."

"சொல்லும்மா. எனக்கும் அந்த இரும்பு கேக்கல. ஒரு நாளும் சரியா கேக்கல. அவர நம்பித்தான் ஏத்தினேன்."

சொன்னாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பாதி பாதியாகத்தான் சொன்னாள். மாலம் கரண்டியை வைத்தார். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குனிந்து, கிட்டத்தட்ட ரகசியமாக, ஒன்று கேட்டார்.

"உங்க வூட்டம்மாவுக்கு எப்போலேந்து தெரியும்னு கேக்குறாரு" என்றாள் ஜெசிந்தா.

நான் திரும்புவதற்குள் பிரபா இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு வருஷம்" என்றாள்.

மாலம் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை முழுதாக விரித்து, ஐந்து விரலையும் காட்டினார். அவர் வீட்டில் ஐந்து வருடமாகத் தெரியுமாம். அவர்தான் முதலில் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேனாவை எடுத்து ஜெசிந்தாவிடம் நீட்டினேன். லாசர் பதறினார். "ரெண்டாவது பாட்டுக்கு அப்புறம் நீங்க கேட்ட சத்தம் என்னுது இல்ல சார். நாதிரா மொதல்லேந்து சொன்னதுதான். அத கேக்குற காது ஜெசிந்தாவுக்குத்தான் இருக்கு" என்றேன். ஜெசிந்தா வாங்க மாட்டேன் என்றாள். மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மதியம் போன் செய்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். பாதிப் பேச்சு எனக்குப் புரியவில்லை, பிரபாவிடம் போனைக் கொடுத்தேன்.

வயிறெரிகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

காது டாக்டரிடம் போனோம். பிரபா அரை நாள் லீவு.

கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கருவியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் தோள் லேசாக அசைவது தெரிந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு அசைவு. அதைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் அழுத்திவிடலாம். முதல் நாலைந்துக்கு அப்படித்தான் அழுத்தினேன். அந்தப் பெண் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பிரபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைத் தூக்கி, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் சிலவற்றுக்கு அழுத்தினேன். அதற்குப் பிறகு வெகுநேரம் அழுத்தவே இல்லை.